கதை சொல்லாத நாட்டியம்

சந்திரலேகா என்ற பெயரைச் சொன்னதும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது 1948ல் ஜெமினி வாசன் எடுத்த படந்தான். பெரிய பெரிய முரசுகளின் மேல் கூட்டங்கூட்டமாகப் பெண்கள் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து கத்தியும் கையுமாக வீரர்கள் வெளிப்படுவார்கள். நாட்டியம் என்பது ஒரு மூடி, அதைத் திறந்தால் உள்ளே கதை இருக்கும் என்று நமக்கெல்லாம் அழுத்தமாகச் சொல்லிவைத்த காட்சி அது. நான் இங்கே எழுத எடுத்துக்கொண்ட சந்திரலேகா வேறு. அவர் முரசைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெறும் முரசை மட்டும் வைத்துக்கொண்டவர்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆகையால் இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த விரோதம் ஒன்று இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பதம் பிடிக்கும்போது நாயகி கதவோரம் நின்று, வருவான் வருவான் என்று காத்து, கடைசியில் வந்து சேர்ந்தவனிடம் 'நேற்று எங்கே போயிருந்தாய்?' என்று ஒரு பார்வையில் கேட்டுவிடுகிறாளே, அந்தப் பார்வையில் பாதி நாவல் அடங்கியிருக்கிறது என்று நம்புகிறவன். அதை எடுத்துவிட்டால் பாக்கி என்ன? காலும் கையுந்தானே? இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் முதன்முதலாக அவருடைய 'ஸ்ரீ'யைப் பார்க்கப் போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என்னோடு என் தமக்கையும் ஒரு நண்பரும் வந்திருந்தார்கள். நண்பர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். டிசம்பர் மாதம் பூராவும் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர். விளக்கு அணைந்தது. பெண்கள் வந்தார்கள். நெற்றிச்சுட்டி இல்லை, ஜடை நாகம் இல்லை, ஒட்டியாணம் இல்லை. எளிதாகக் கட்டிய புடைவை. முதுகு வளைந்து, தலை தரையைப் பார்த்தபடி, மெள்ள மெள்ள நகர்ந்தார்கள். நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நண்பர் என் காதருகில் குனிந்து, "ஓய், பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றார். எனக்கும் அதே சந்தேகந்தான். ஆனால் நண்பர் முன்னால் அதைக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் நண்பர் தீர்ப்புச் சொன்னார்: "ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. டிக்கெட் மட்டுந்தான் இருந்தது." நான் சிரித்தேன். தமக்கை சிரிக்கவில்லை, வழி முழுவதும் ஒன்றும் பேசவுமில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது, "அம்மா கடைசி நாலு வருஷம் இப்படித்தாண்டா நடந்தா, அடுப்பங்கரையிலேருந்து கிணத்தடிக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் தாயாரை நான் இரண்டு நாவல்களில் எழுதியிருக்கிறேன். அவள் முகத்தை, பேச்சை, அவள் ஜாடையாகக் குத்திக்காட்டும் விதத்தை எல்லாம் எழுதியிருக்கிறேன். அவள் முதுகைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. சந்திரலேகா என்ன செய்ய முயன்றார் என்பதை அக்கறையோடு விசாரிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அவர் 1928 டிசம்பரில் மகாராஷ்டிரத்தில் வாடா என்ற ஊரில், ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் டாக்டர், கடவுள் விஷயத்தில் பிடிப்பு இல்லாதவர்; தாயார் பக்தி மிகுந்தவர். சட்டம் படிக்கப் போய், அதை விட்டுவிட்டு நாட்டியத்துக்கு வந்தார். காஞ்சீபுரம் எல்லப்ப பிள்ளையிடம் சிக்ஷை. எல்லப்ப பிள்ளை லேசுப்பட்ட ஆள் அல்ல. பாலசரஸ்வதியின் குருவான கந்தப்ப பிள்ளையிடம் கற்று, அவருக்குப் பின் பாலாவின் கச்சேரிகளுக்கு நட்டுவாங்கம் செய்தவர். ஆக, கதையை நாட்டியத்திலிருந்து வெளியே தள்ளியவர் ஏதோ வடக்கேயிருந்து வந்து மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புக் கூறியவர் அல்ல. அபிநயத்தின் தலைவாசலிலேயே உட்கார்ந்து பாடம் கேட்டவர். பாலாவிடம் அவருக்கு இருந்த மதிப்பு கடைசிவரை குறையவில்லை. இதை நாம் மறந்துவிட்டால் அவர் செய்ததெல்லாம் வெறும் பிடிவாதம் என்று தோன்றிவிடும்.

1952ல் சென்னையில் அவருடைய அரங்கேற்றம் நடந்தது. ராயலசீமாப் பஞ்ச நிவாரண நிதிக்காக நடந்த நிகழ்ச்சி அது. மதுரா நகரத்தைப் பற்றிய ஒரு தெலுங்குப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். யமுனை ஓடுகிறது, தோழிமார் நீர் விளையாடுகிறார்கள், அள்ளி அள்ளி இறைக்கிறார்கள். ஆடுகிறபோதே, தண்ணீர் இல்லாத ஜனங்களுக்காக நடக்கும் கூட்டத்தில் இவ்வளவு தண்ணீரை நாம் காட்டிக்கொண்டிருக்கிறோமே என்று திடீரென்று உறைத்ததாம். பத்திரிகையில் பார்த்த படங்கள் கண்முன் வந்தன: வெடித்துப்போன நிலம், தகரக் குவளையும் கையுமாக வரிசையில் நிற்கும் ஜனங்கள். அந்தக் கணத்தில் உறைந்துபோனதாக அவரே பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சந்திரலேகாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தச் சம்பவத்தைச் சொல்வார்கள். சமூக உணர்வு பிறந்த கணம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஏழைகளை நினைத்து வருந்திய கலைஞர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களில் பலர் மறுநாளே பஞ்சத்தைப் பற்றி ஒரு நாட்டிய நாடகம் தயார் செய்திருப்பார்கள். கிழிந்த புடைவை, ஏந்திய கை, பின்னணியில் சோக ராகம். சந்திரலேகா அதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யமுனைத் தண்ணீருக்குப் பதிலாக ராயலசீமா வறட்சியைக் காட்டினாலும் கை காட்டப்போவது இல்லாத ஒன்றைத்தான். கையில் தண்ணீரும் இல்லை, வறட்சியும் இல்லை, கைதான் இருக்கிறது. கை, தான் கையாக இருந்துகொண்டே உண்மையாக என்ன சொல்ல முடியும்? இந்தக் கேள்விக்கு அவர் பதில் கண்டுபிடிக்க முப்பத்து மூன்று வருஷம் ஆயிற்று. அவ்வளவு காலம் காத்திருக்க மனம் கொண்டவர் என்பதே அவரைப் பற்றிய பெரிய விமரிசனம்.

நடுவில் ஆடாமல் இல்லை. தனியாக மேடையேறிப் புகழும் பெற்றார். 1960ல் 'தேவதாசி', 1972ல் 'நவக்கிரகம்' என்று காமதேவ் என்ற நர்த்தகருடன் சேர்ந்து இரண்டு நிகழ்ச்சிகள் அமைத்தார். அதோடு நிறுத்திவிட்டார். எழுதினார், சுவரொட்டிகள் வரைந்தார், புத்தகங்கள் வடிவமைத்தார், பெண்கள் இயக்கங்களோடு சேர்ந்து வேலை செய்தார். சித்திரக்காரர் தஷரத் படேலும் பத்திரிகையாளர் சதானந்த் மேனனும் அவருடைய நீண்டநாள் கூட்டாளிகள். 1982ல் அவர்மீதும் சதானந்த் மேனன்மீதும் ராஜத்துரோக வழக்குக்கூடப் போடப்பட்டது. பிற்பாடு அது கைவிடப்பட்டது. ஒரு நர்த்தகியின் வாழ்க்கைக் குறிப்பில் இந்த வரி வருவது நம் தேசத்தில் அபூர்வம்.

மௌனியும் ஏறக்குறைய இருபத்து நான்கு கதைகள்தான் எழுதினார். நடுவில் நீண்ட காலம் பேனாவைத் தொடவில்லை. ஆனால் மௌனியின் மௌனத்துக்கும் சந்திரலேகாவின் மௌனத்துக்கும் ஒரு வித்தியாசம். எழுத்தாளன் பத்து வருஷம் எழுதாமல் இருந்தால் அவனுடைய கை பழுதாகிவிடுவதில்லை. நர்த்தகிக்கு உடம்புதான் பேனா. நாற்பத்து நான்கிலிருந்து ஐம்பத்தைந்து வயது வரை ஆடாமல் இருக்கும் நர்த்தகி தன் கருவியையே கைவிட்டு விடுகிறாள். திரும்பி வரும்போது பிறருடைய உடம்பைக் கொண்டுதான் எழுத முடியும். சந்திரலேகா அதைத்தான் செய்தார். தாம் ஆடாமல் பிறரை ஆட்டுவித்தார். இந்த வேலைக்கு நம் பாஷையில் 'நட்டுவனார்' என்று கௌரவமான ஒரு சொல் இருந்தது. அவர் மேடையோரத்தில் தாளம் பிடித்து உட்கார்ந்திருப்பார், கண்ணுக்குத் தெரிவார். பிறகு சினிமா வந்து 'டான்ஸ் மாஸ்டர்' என்றது. இப்போது 'நடன அமைப்பாளர்' என்று எழுதுகிறார்கள். ஏதோ பந்தல் போடுகிறவர் மாதிரி இருக்கிறது. எந்தச் சொல்லும் இவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

1984 ஜனவரியில் பம்பாயில் கிழக்கத்திய, மேற்கத்திய நர்த்தகர்களைக் கூட்டிவைத்து ஒரு சந்திப்பு நடந்தது. மாக்ஸ் முல்லர் பவனைச் சேர்ந்த ஜார்ஜ் லெக்னர் முன்னின்று நடத்தியது. ஜெர்மனியிலிருந்து சூசன் லிங்கே போன்றவர்கள் வந்திருந்தார்கள். பழைய 'தேவதாசி'யிலிருந்தும் 'நவக்கிரக'த்திலிருந்தும் சில பகுதிகளைச் சந்திரலேகா அங்கே காட்டினார். அடுத்த மாதமே, 1984 பிப்ரவரியில், பாலசரஸ்வதி சென்னையில் காலமானார். இரண்டுக்கும் சம்பந்தம் கற்பிக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் நம் நாட்டியத்தின் கணக்கை எழுதுகிறவன் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுச் சற்று நிதானிக்கத்தான் வேண்டும்.

1985ல் 'ஆங்கிகம்'. அவர் மூலமாக நமக்குக் கிடைத்த முதல் பெரிய படைப்பு. பெயரிலேயே கட்சி தெரிகிறது. ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், சாத்விகம் என்று அபிநயத்தை நான்காகப் பிரித்தது நம் சாஸ்திரம். அதில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். பரத நாட்டியம் பயின்ற பெண்கள், களரிப்பயிற்று செய்கிற ஆண்கள், யோகாசனம். மூன்றையும் கலந்தார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கலப்படம் அவருக்குப் பிடிக்காத சங்கதி. மூன்றும் ஒரே உடம்பைப் பற்றிய மூன்று ஞாபகங்கள், பிரிந்துபோன பங்காளிகள் என்பது அவர் எண்ணம். யானையையும் சிங்கத்தையும் குதிரையையும் பார்த்து நிலைகள் வகுத்தவன் களரிக்காரன். மயிலையும் பாம்பையும் பார்த்து ஆசனம் போட்டவன் யோகி. அவர்களுக்குத் தெரிந்த தரையும் எடையும் முதுகெலும்புந்தான் நர்த்தகிக்கும் தெரிந்தது.

அரைமண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டியம் கற்க வரும் குழந்தையிடம் வாத்தியார் முதல் வருஷம் பூராவும் ஓயாமல் சொல்கிற வார்த்தை 'உட்காரு' என்பதுதான். முழங்கால் இரண்டு பக்கமும் விரிய, பாதம் பக்கவாட்டில் பார்க்க, உடம்பு நேராக, பாதி உட்கார்ந்த நிலை. கச்சேரியில் நாம் அதைப் பார்ப்பதே இல்லை. அது ஏதோ ஒன்றுக்கு ஆரம்பம், கண்ணும் கையும் பேச ஆரம்பிக்கும்முன் கால் எடுத்துக்கொள்ளும் இடம் என்று விட்டுவிடுகிறோம். சந்திரலேகா அங்கேயே நின்றுவிட்டார். அந்த நிலையில் கால்களுக்கிடையே அமையும் சதுரத்தையும், கை நீட்டும்போது விழும் முக்கோணங்களையும் நாம் பார்த்தே தீரும்படி நிறுத்தி வைத்தார். மண்டலம் என்ற சொல்லில் அவருக்கு அளவுகடந்த பற்று. சிலசமயம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சு எனக்குப் புகையாகத்தான் தெரிந்தது. ஆனால் மேடையில் புகை இல்லை. கோடு கோடாகத் தெளிவாக இருந்தது.

இங்கே ருக்மிணி தேவியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1935ல் அடையாறில் அவர் ஆடியதும், அடுத்த வருஷம் கலாக்ஷேத்திரம் பிறந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. சதிர் என்றால் முகம் சுளித்த குடும்பங்களைத் தம் பெண்களை நாட்டியத்துக்கு அனுப்பும்படி செய்தது அவர் சாதனை. மேடையில் நடராஜர் வந்தார்; கோயில் சிற்பத்திலிருந்து உடையும் நகையும் வந்தன; சிருங்காரம் சற்றே பின்வாங்கிப் பக்தி முன்னுக்கு வந்தது. சந்திரலேகாவின் வீடு பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரையோரம். திருவான்மியூரில் இருக்கும் கலாக்ஷேத்திரத்துக்கு அதிக தூரமில்லை. ஒருவர் உடுத்திவிட்டதை இன்னொருவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். நடராஜர் போனார், நகை போயிற்று, நாயகனும் போனான், அவனுக்காகக் காத்திருந்த நாயகியும் போனாள்.

இரண்டு பேரையும் மதிக்கிறவன் என்ற உரிமையில் ஒரு ஆட்சேபத்தைச் சொல்லிவிடுகிறேன். உடுத்தினவரும் சரி, கழற்றினவரும் சரி, நாட்டியத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்துக் காப்பாற்றிய குடும்பத்துப் பெண்களில் ஒருவர் அல்ல. 1947ல் தேவதாசிமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அந்தப் பெண்களிடம் எஞ்சியிருந்த சொத்து என்ன? பதங்கள், ஜாவளிகள், ஒரே வரியை இருபது விதமாகக் காட்டும் அறிவு. பெண் காத்திருக்கிறாள், கெஞ்சுகிறாள், புருஷன் காலடியில் விழுகிறாள் என்று சந்திரலேகாவுக்குப் பதங்களின்மேல் சலிப்பு. ஆனால் பாலா ஆடியதைப் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: அந்த நாயகி கெஞ்சினாலும், கெஞ்சலுக்குள் ஒரு கேலி இருக்கும், காத்திருந்தாலும், காத்திருப்பவள்தான் எஜமானி. பதம் அடிமைத்தனத்தின் பாட்டு என்று முடிவு கட்டிவிட்டால் அந்தக் கேலியும் சேர்ந்து போய்விடுகிறது. சந்திரலேகாவுக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. எல்லப்ப பிள்ளையிடம் படித்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தே விட்டார். அது நஷ்டந்தான், அவருடைய கணக்கில் எழுதவேண்டிய நஷ்டம்.

1989ல் 'லீலாவதி' வந்தது. எனக்கு அதில் தனிப் பிரியம். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் எழுதிய கணித நூல் அது. கணக்குகள் எல்லாம் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கும் பாவனையில் இருக்கும். வண்டுக் கூட்டத்தில் இத்தனை பங்கு இந்தப் பூவுக்குப் போயிற்று, இத்தனை அந்தப் பூவுக்கு, ஒன்று மட்டும் தாமரைக்குள் அகப்பட்டுக்கொண்டது, மொத்தம் எத்தனை? காதலர் ஊடலில் முத்துமாலை அறுந்தது. படுக்கையில் இத்தனை, தரையில் இத்தனை, முத்து எத்தனை? நாட்டியத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாஹித்யம் உண்டா? தாளம் என்பதே பின்னக் கணக்குத்தானே! கதையை வெறுத்தவர் என்று பேர் வாங்கியவருக்கு விளையாட்டும் தெரியும் என்பதற்கு 'லீலாவதி' சாட்சி. இந்தச் சிரிப்பு அவருடைய மற்றப் படைப்புகளில் அடிக்கடி தலைகாட்டவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

'பிராணா' யோகத்தையும் ஒன்பது கிரகங்களையும் சேர்த்தது. அழகானது, கொஞ்சம் பாடப்புஸ்தகம். 1991ஐ ஒட்டி 'ஸ்ரீ'. அதன் முற்பகுதியைப் பற்றி என் தமக்கை சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. முதுகெலும்பை இழந்தவர்கள் என்று வாயால் சொன்னால் அது பிரசங்கம். வளைந்த முதுகோடு ஒரு கூட்டம் மேடையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நம்மை உட்காரவைத்தால் அது கலை. ஆனால் முடிவில் பல கைகள் கொண்ட தேவியாக, வரப்போகும் பெண்ணாக, ஒரு உருவம் எழுந்து நிற்கிறது. அரங்கம் கைதட்டியது. எனக்கு அது சுவரொட்டி மாதிரி இருந்தது. நல்ல சுவரொட்டி, சந்தேகமில்லை; அவர் கைதேர்ந்த சுவரொட்டிக்காரர். ஆனால் அத்தனை நேரம் எங்களுக்கு எதையும் அர்த்தம் சொல்லாமல் இருந்தவர் கடைசி ஐந்து நிமிஷத்தில் அர்த்தம் சொல்லிவிட்டார். கதையை ஒழித்த இடத்தில் கருத்து வந்து உட்கார்ந்துகொண்டால் லாபம் என்ன? கதையாவது கேட்கச் சுகமாக இருக்கும்.

இந்தக் குறை அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பிறகு வந்த படைப்புகளை வரிசையாகப் பார்த்தால் அவர் கொஞ்சங் கொஞ்சமாக வாயை மூடிக்கொள்வது தெரிகிறது. 1994ல் 'யந்திரம்', அடுத்த வருஷம் 'மஹாகால்', 1998ல் ஆண்களுக்குள் இருக்கும் பெண்மையைத் தேடிய 'ராகா', 1999ல் 'ஸ்லோகா'. ஒவ்வொன்றிலும் ஆட்கள் குறைந்தார்கள் என்று சொல்ல முடியாவிட்டாலும் அறிவிப்புகள் குறைந்தன. வேகமும் குறைந்தது. விருதுகள் வந்தன, 1991ல் சங்கீத நாடக அகாடமி விருது, 2004ல் அதன் ஃபெல்லோஷிப். வெளிநாட்டில் பெரிய பெரிய அரங்குகளில் அழைத்தார்கள். பினா பௌஷ் அவருக்குச் சிநேகிதி. நம் சபாக்களுக்கு மட்டும் அவர் செல்லப்பிள்ளை ஆகவில்லை. வெள்ளைவெளேரென்ற தலைமயிரும், மை தீட்டிய கண்ணும், பெரிய பொட்டுமாக அவர் வேறு யாருடைய கச்சேரிக்காவது வந்து உட்கார்ந்தால் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

2001ல் 'ஷரீரா'. அவருடைய கடைசிப் படைப்பு, என் அபிப்ராயத்தில் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு பெண், ஒரு ஆண், இரண்டே பேர். குந்தேச்சா சகோதரர்களின் துருபத் சங்கீதம். தரையில் பெண். அவள் கால் விரிவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நம் ஊர் நர்த்தகி ஒரு ஜதிஸ்வரத்தையே முடித்துவிடுவாள். கால் அங்குலம் அங்குலமாகத் திறக்கிறது; உடம்பு முக்கோணமாகிறது; மறுபடி மடிகிறது. ஆண் வருகிறான், களரியில் பழகிய உடம்பு. அவன் அவளை அடக்கவில்லை, அவள் அவனிடம் கெஞ்சவும் இல்லை. ஒருவர் எடையை ஒருவர் வாங்கிக்கொள்கிறார்கள். சிருங்காரம் என்ற சொல்லின்மேல் நூறு வருஷமாக நாம் போர்த்திய போர்வைகளையெல்லாம் இவ்வளவு நிதானமாக, இவ்வளவு கூச்சமில்லாமல் யாரும் விலக்கியதில்லை. ஆபாசம் என்று சொல்ல வந்தவன்கூட, இவ்வளவு மெதுவாக நடப்பது ஆபாசமாக இருக்க முடியாதே என்று குழம்பிப் போவான்.

இதை ஆண்டுக்கணக்கில் ஆடிய பெண் யார் தெரியுமா? திஷானி தோஷி; ஆங்கிலத்தில் கவிதையும் நாவலும் எழுதுகிறவர். நாட்டியம் படித்தவர் அல்ல. கூட ஆடியவர் ஷாஜி ஜான், களரிக்காரர். தம் கடைசிப் படைப்புக்கு, வார்த்தையே இல்லாத ஒரு காரியத்துக்கு, சந்திரலேகாவுக்குக் கிடைத்த உடம்பு வார்த்தைகளில் வாழும் ஒருத்தியினுடையது. அரைமண்டியை இருபது வருஷம் உட்கார்ந்து பழகியவர்கள் நகரில் தெருவுக்கு நாலு பேர் இருந்தும், பழகாத உடம்பு அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. பழகிய உடம்பு கையை நீட்டியதும் அதில் தண்ணீரோ தாமரையோ வந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

2006 டிசம்பர் 30ந் தேதி, ஊரெல்லாம் சீசன் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது, அவர் காலமானார். அதன்பிறகும் அந்தக் கடற்கரை வீட்டில், அவர் நினைவாக டிசம்பர் கடைசியில் நிகழ்ச்சிகள் நடந்தன. அப்படி ஒரு மாலை நான் நண்பரை வலுக்கட்டாயமாக அழைத்துக்கொண்டு போய் 'ஷரீரா'வை மறுபடி பார்த்தேன். மரங்கள், மணல், நடுநடுவே கடல் சத்தம். நண்பருக்கு வயதாகியிருந்தது, நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். தூங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். தூங்கவில்லை. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்கவும் இல்லை.

வெளியே வந்து வண்டிக்குக் காத்து நிற்கும்போது தானாகவே சொன்னார்: "முக்கால் மணி ஆலாபனை கேட்கிறோம். அதிலே கதையா இருக்கு? சாஹித்யமா இருக்கு? பல்லவிக்கு வராட்டாக்கூடத் தேவலைன்னு தோணற நாள் உண்டு. இதுவும் அந்த மாதிரிதான்யா." பதினைந்து வருஷம் நான் எழுதிப் பார்த்தும் பிடிபடாத விஷயத்தை அவர் நடைபாதையில் நின்று சொல்லிவிட்டார். காதுக்கு நாம் கொடுத்திருக்கிற சலுகையைக் கண்ணுக்குக் கொடுக்கவில்லை. காம்போதியைப் பாடுகிறவரிடம் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று யாரும் கேட்பதில்லை. முதுகைத் திருப்பி மெள்ள நிமிர்கிற பெண்ணிடம் மட்டும் உடனே கேட்டுவிடுகிறோம்.

அவருக்குப் பின் அந்தப் பாதையில் யார் என்ற கேள்வி இருக்கிறது. தொண்ணூறுகளில் அவர் குழுவில் பத்து வருஷம் ஆடிய பத்மினி சேத்தூர் பிற்பாடு தமக்கென்று ஒரு வழி கண்டுகொண்டார். அது இதைவிடவும் வறண்ட, இதைவிடவும் கண்டிப்பான வழி. களரியையும் யோகத்தையும் நாட்டியத்தையும் ஒரே மேடையில் ஏற்றுவது இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. கல்லூரி ஆண்டு விழாவில்கூடப் பார்க்கலாம். அவற்றில் முக்கால்வாசியைச் சந்திரலேகா பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பார். பதத்துக்கு வார்த்தை இருக்கிறது, ராகம் இருக்கிறது. யாரும் ஆடாவிட்டாலும் ஏட்டில் கிடக்கும், ஒரு நாள் யாராவது எடுத்து ஆடலாம். 'ஷரீரா'வுக்கு ஏடு இல்லை. ஆடியவர்களின் தொடையிலும் முதுகிலுந்தான் அது எழுதியிருக்கிறது. படம் பிடித்ததைப் பார்த்தேன். அதில் வேகம் தெரிகிறதே தவிர நேரம் தெரியவில்லை. இனி யாராவது அதை மேடையேற்றுகிறார்கள் என்று தெரிந்தால் நண்பரையும் கூட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்காருவதாக உத்தேசம். தமக்கைக்குத்தான் இப்போது படியேற முடிவதில்லை.